கார்த்தேஜின் குழந்தைத் தாழிகள்: பலிக்களமா, இடுகாடா?

மணற்குன்று (இழையைத் தொடங்கியவர்) · வெள்ளி, இரவு 9:42

போன மாதம் துனிசியத் தலைநகர் துனிஸ் போயிருந்தேன். நகரத்திலிருந்து லா மார்சா பக்கம் போகும் டிஜிஎம் ரயிலில் ஏறி, கார்த்தேஜ் சலாம்போ நிலையத்தில் இறங்கி நடந்தேன். வீடுகளுக்கு நடுவே ஒரு சின்ன வளாகம். செடிகொடிகளுக்கு இடையில், பாதிக்கு மேல் முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ரோமானியர் பிற்பாடு கட்டிய ஒரு வளைவுக் கூரைக்குக் கீழே இன்னும் நிறையக் கற்கள். பலவற்றில் ஒரே குறி: கீழே முக்கோணம், அதன் மேல் ஒரு குறுக்குக் கோடு, அதற்கும் மேல் ஒரு வட்டம். கையை விரித்து நிற்கும் ஆளைக் குழந்தை வரைந்தது போல இருக்கும். தானித் தெய்வத்தின் குறி அது.

இந்தக் கற்களுக்கு அடியில் தாழிகள் இருந்தன. தாழிக்குள் எரிந்த எலும்பு. பெரும்பாலும் பச்சைக் குழந்தைகள், சிலவற்றில் ஆட்டுக்குட்டி. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தொடங்கி, கி.மு. 146இல் ரோம் கார்த்தேஜ் நகரத்தை அழிக்கும் வரை, அறுநூறு ஆண்டு இந்த ஒரே நிலத்தில் அடுக்கடுக்காகப் புதைத்திருக்கிறார்கள். இடம் வெளியே தெரியவந்தது 1921இல். பழம்பொருள் விற்க வந்த ஒருவரிடம் ஒரு கல் இருந்தது. நீண்ட மெல்லிய அங்கி, தலையில் தொப்பி, வலது கையை உயர்த்தி நிற்கும் ஓர் ஆள். இடது கை மடக்கில் ஒரு கைக்குழந்தை. அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று துருவிப் போனபோதுதான் இந்த நிலம் கிடைத்தது. கல் இப்போது பார்டோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். அந்த ஆள் குழந்தையைப் பிடித்திருக்கும் விதத்தில் ஒரு முரட்டுத்தனமும் இல்லை.

நான் கேட்பது இதுதான். இது நேர்ந்துகொண்டு பலி கொடுத்த இடமா? தானாக இறந்த சிசுக்களுக்கான தனி இடுகாடா? 2010இல் வந்த ஓர் ஆய்வைப் படித்துவிட்டு இடுகாடுதான் என்று பல வருடம் நம்பியிருந்தேன். இப்போது அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. படித்தவர்கள் எழுதுங்கள். ஊகம் வேண்டாம், சான்று வேண்டும்.

---

ஊசிப்பாறை · வெள்ளி, இரவு 10:15

இடுகாடுதான் என்பது என் கட்சி.

பலி என்ற கதையை நமக்குச் சொன்னவர்கள் யார்? கார்த்தேஜோடு சண்டை போட்ட கிரேக்கரும் ரோமானியரும். கிரேக்க வரலாற்றாசிரியர் தியோடோரஸ் எழுதுகிறார்: கி.மு. 310இல் சிராக்யூஸ் நகரத்து அகதோக்கிளிஸ் படையோடு வந்து இறங்கியதும் கார்த்தேஜியர் பயந்துபோய், உயர்குடிக் குழந்தைகள் 200 பேரைத் தேர்ந்து பலி கொடுத்தார்கள், அது போக 300 பேர் தாமாகவே முன்வந்தார்கள் என்று. வெண்கலச் சிலையின் கை சரிவாக இருந்ததாம், குழந்தை உருண்டு நெருப்புக் குழியில் விழுமாம். அவர் எழுதியது சம்பவம் நடந்து இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கழித்து. அப்படி ஒரு சிலை இதுவரை எங்கேயும் கிடைக்கவில்லை.

கார்த்தேஜ் எரிந்தபோது ரோமானியத் தளபதி ஸ்கிபியோவோடு பக்கத்தில் நின்றவர் வரலாற்றாசிரியர் பொலிபியஸ். நமக்குக் கிடைத்த அவருடைய பகுதிகளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியும் கார்த்தேஜியரைத் திட்டாத திட்டில்லை, இதைச் சொல்லவில்லை. எதிரியை இழிவுபடுத்த இதைவிட நல்ல ஆயுதம் ஏது? கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா?

துனிசிய வரலாற்றாய்வாளர் முகம்மது ஹசீன் ஃபந்தர் இதைப் பல ஆண்டு வாதாடியவர். இத்தாலிய ஆய்வாளர் சபாத்தினோ மொஸ்காத்தியும் 1980களில் இந்தப் பக்கம் வந்தார். பழங்காலத்தில் பிறந்த குழந்தைகளில் பெரும்பங்கு ஒரு வயதைத் தாண்டாது. அவர்களை எங்கே வைத்திருப்பார்கள்? இங்கேதான்.

---

வெண்பல் · வெள்ளி, இரவு 11:03

நான் பல் மருத்துவம் படித்தவள். 2010 ஆய்வின் மையமே பல்தான் என்பதால் அதை மட்டும் விளக்குகிறேன்.

குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பால்பற்களின் எனாமல் உருவாகத் தொடங்கிவிடும். மரத்தின் வளையம் மாதிரி, நாளுக்கு நாள் மெல்லிய படலமாக வளரும். பிறக்கும்போது உடம்புக்கு ஓர் அதிர்ச்சி: மூச்சு, சூடு, உணவு எல்லாமே ஒரே நாளில் மாறுகிறது. அந்த அதிர்ச்சி எனாமலில் ஒரு கருங்கோடாகப் பதிந்துவிடும். பிறப்புக்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது நுண்ணோக்கியில் தெரிய வேண்டுமானால், பிறந்த பிறகு குழந்தை ஒரு வாரம், பத்து நாளாவது உயிரோடு இருந்து, கோட்டுக்கு அந்தப் பக்கமும் எனாமல் வளர்ந்திருக்க வேண்டும்.

அந்த ஆய்வைச் செய்த ஜெஃப்ரி ஷ்வார்ட்ஸ் குழு 348 தாழிகளைப் பார்த்தது, குறைந்தது 540 பேரின் எச்சம். பற்களில் 50ஐ அறுத்துப் பார்த்ததில் ஏறத்தாழ பாதியில் அந்தக் கோடு இல்லை. அப்படியென்றால் அந்தக் குழந்தைகள் வயிற்றிலேயோ பிறந்த சில நாளிலோ போய்விட்டன. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காவது பிறக்கும் முன்பே இறந்தவை என்று கணித்தார்கள். இறந்து பிறந்த குழந்தையை யாரும் பலி கொடுக்க முடியாது. ஊசிப்பாறை சொல்வதற்கு இதுதான் பலமான தூண்.

---

மணற்குன்று · சனி, காலை 7:20

நன்றி வெண்பல். இவ்வளவு தெளிவாக இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

என்னை ஆட்டியது அடுத்த வருடம் வந்த மறுப்புதான். ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும்: இரண்டு தரப்பும் பார்த்தது ஒரே எலும்பு. 1976 முதல் 79 வரை லாரன்ஸ் ஸ்டேகர் தலைமையில் எடுத்த தாழிகள். ஷ்வார்ட்ஸ் அந்தக் குழுவுக்காக எலும்பு பார்த்தவர். பின்னர் எருசலேமைச் சேர்ந்த பட்ரீஷியா ஸ்மித், ஸ்டேகரோடும் ஜோசப் கிரீனோடும் சேர்ந்து ஆன்டிக்விட்டி என்ற தொல்லியல் இதழில் எழுதினார். அவர் சொன்னது: நெருப்பில் எலும்பும் பல்லும் சுருங்கும். சுருங்கிய பல்லை அப்படியே அளந்தால் குழந்தையின் வயது குறைவாகத் தெரியும். சூட்டில் அந்தக் கோடே மங்கிப்போகவும் வாய்ப்புண்டு. சுருக்கத்தைச் சரிக்கட்டி அளந்தால், வயது ஒரு மாதத்துக்கும் ஒன்றரை மாதத்துக்கும் இடையில் குவிகிறது.

இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. இயற்கைச் சாவு என்றால் பிறந்த முதல் சில நாள்தான் உச்சம், அப்புறம் குறைந்துகொண்டே போகும். நாலு, ஆறு வாரத்தில் ஏன் குவிய வேண்டும்? வெண்பல், சூட்டில் எனாமல் அவ்வளவு சுருங்குமா?

---

வெண்பல் · சனி, காலை 8:05

சுருங்கும். எவ்வளவு என்பது சூட்டைப் பொறுத்தது, விறகு அடுக்கில் எந்த இடத்தில் கிடந்தது என்பதைப் பொறுத்தது. இன்னும் முளைக்காத பல் தாடைக்குள் புதைந்திருப்பதால் கொஞ்சம் தப்பிக்கும். நாற்பது நாள் குழந்தையையும் இறந்து பிறந்ததையும் எரிந்த துண்டில் பிரித்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டால் தயங்குவேன். ஷ்வார்ட்ஸ் தரப்பு பிறகு பதில் எழுதியது, ஸ்மித் தரப்பு 2013இல் மறுபடி எழுதியது. பல்லை மட்டும் வைத்து இந்த வழக்கு தீராது என்பது என் அபிப்பிராயம்.

---

ஜெபமணி_தூத்துக்குடி · சனி, காலை 9:30

விவிலியத்தில் வரும் தோப்பேத் என்ற பெயரைத்தான் இந்த இடத்துக்கும் வைத்திருக்கிறார்கள், கவனித்தீர்களா? எரேமியா 7:31. இன்னோம் பள்ளத்தாக்கில் தங்கள் குமாரரையும் குமாரத்திகளையும் அக்கினியில் தகனித்த இடம். விவிலியத்தில் இந்தப் பலியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் மோளேகு; சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மோளேகு என்றால் ஒரு பூதம் என்றுதான் நினைத்திருந்தேன்.

கார்த்தேஜ் கல்வெட்டு எதிலும் தோப்பேத் என்ற சொல் கிடையாது. அது இந்தக் காலத்து ஆய்வாளர்கள் ஒட்டிய பெயர். பெயரை வைத்ததுமே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஆனால் 1935இல் ஓட்டோ ஐஸ்ஃபெல்ட் என்ற ஜெர்மானியர் ஒன்று சொன்னார்: கார்த்தேஜ்க் கற்களில் வரும் ம-ல-க் என்ற சொல் தெய்வத்தின் பெயரல்ல, ஒரு வகைப் பலியின் பெயர். மோளேகும் முதலில் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

---

ஓலைச்சுவடி · சனி, பிற்பகல் 2:48

எல்லோரும் தாழிக்குள்ளேயே பார்க்கிறீர்கள். தாழிக்கு மேல் நிற்கும் கல்லையும் கொஞ்சம் படிப்போம். கார்த்தேஜிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பியூனிக் (கார்த்தேஜியரின் மொழி) கல்வெட்டுகள் தொகுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இந்த நிலத்துக் கற்கள். பழங்காலத்துச் சாதாரணக் குடும்பங்கள் தம் வாயால் பேசி இவ்வளவு மிஞ்சியிருப்பது அபூர்வம். கிரேக்கர் சொன்னதை நம்புவதா வேண்டாமா என்று அடித்துக்கொள்வதற்கு முன்னால், செய்தவர்களே என்ன சொல்கிறார்கள் என்று கேட்போம்.

வாசகம் ஏறக்குறைய எல்லாக் கல்லிலும் ஒன்றுதான். தமிழில் இப்படி வரும் (பால் என்பது இங்கே ஒரு தெய்வத்தின் பெயர்):

"பாலின் முகமான தலைவி தானித்துக்கும், தலைவன் பால் ஹம்மோனுக்கும், இன்னான் மகன் இன்னான் நேர்ந்துகொண்டது, ஏனெனில் அவர் இவன் குரலைக் கேட்டார், இவனுக்கு அருளினார்."

அவ்வளவுதான். நேர்ந்துகொண்டது என்ற இடத்தில் இருப்பது ந-த-ர் என்ற வினை. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒன்றைக் கேட்டு வேண்டிக்கொள்கிறோம், கிடைத்தால் இன்னதைச் செய்கிறேன் என்கிறோம், கிடைத்ததும் செலுத்துகிறோம். நேர்த்திக்கடன். "குரலைக் கேட்டார்" என்பதால் கேட்டது கிடைத்துவிட்டது. அதாவது கல் நட்ட அன்று, கடன் தீர்க்கப்படுகிறது.

இப்போது ஊசிப்பாறையிடம் கேட்கிறேன். என் குழந்தை காய்ச்சலில் செத்துப்போகிறது. அதை எரித்துத் தாழியில் வைத்து, அதன் மேல் கல் நட்டு, "தெய்வம் என் குரலைக் கேட்டது, எனக்கு அருளியது" என்று நான் செதுக்குவேனா? எந்தத் தகப்பன் செதுக்குவான்? கார்த்தேஜில் இடுகாட்டுக் கல்வெட்டுகளும் உண்டு. அவை "இன்னாரின் கல்லறை" என்று தொடங்கும். இங்கே அந்தச் சொல்லே கிடையாது.

நேர்ந்தவர்கள் யார் என்றும் பாருங்கள். ஆண்கள் பெரும்பான்மை, பெண்களும் உண்டு. நகரத்து நீதிபதிகள், எழுத்தர், மருத்துவர், கைவினைஞர். சிலர் அப்பா பெயரோடு நிறுத்துகிறார்கள், சிலர் தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஏறிக்கொண்டே போகிறார்கள். பதினைந்து தலைமுறைக்கு மேல் போன கல்லும் உண்டு. ஒளிவுமறைவாகச் செய்தது அல்ல. ஊரறியச் செய்து, வம்சத்தையே சாட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்கள்.

---

காயல்_நிலா · சனி, மாலை 4:10

ந-த-ர் என்று படித்ததும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அரபியில் நேர்ச்சைக்கு நத்ர் என்றுதான் சொல்வோம். அதே வேர், அதே பொருள். கார்த்தேஜ் அழிந்து எண்ணூறு வருடம் கழித்து அதே கடற்கரைக்கு அரபி மொழி வந்தபோது, அந்தச் சொல்லின் தங்கச்சி மறுபடி அங்கே குடிவந்திருக்கிறாள்.

---

ஊசிப்பாறை · சனி, இரவு 8:33

ஓலைச்சுவடி அக்கா, கல்வெட்டு வாதம் கனமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு விஷயம்.

ஒன்று, நேர்த்தி என்பது இறந்த குழந்தையைத் தெய்வத்திடம் திருப்பி ஒப்படைப்பதாக ஏன் இருக்கக் கூடாது? "இதை எடுத்துக்கொண்டாய், அடுத்ததைக் கொடு" என்று வேண்டி, அடுத்தது பிறந்ததும் நன்றிக்காகக் கல் நட்டிருக்கலாம். எலேன் பெனிஷூ-சஃபார் என்ற ஆய்வாளர் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் யோசித்தார்.

இரண்டு, பல் முளைக்காத குழந்தையை எரிப்பது உலக வழக்கமல்ல என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். நம் பக்கமும் பச்சைக் குழந்தையைப் புதைக்கத்தான் செய்கிறோம். பெரியவர் வேறு, சிசு வேறு. அப்படியென்றால் கார்த்தேஜியரும் சிசுவுக்கென்று தனி இடம், தனிச் சடங்கு வைத்திருப்பதில் என்ன ஆச்சரியம்?

---

மணற்குன்று · ஞாயிறு, காலை 6:55

பிளினியின் வரி உங்கள் பக்கம் இல்லை ஊசிப்பாறை. சிசுவை எரிக்கவே மாட்டார்கள் என்பதுதான் அவர் சொல்வது. அப்படியிருக்க, இவ்வளவு சின்ன உடம்பை விறகடுக்கி எரிக்க இவர்களுக்கு ஒரு தனிக் காரணம் இருந்திருக்க வேண்டும். பலிப்பொருளைத்தான் எரித்துத் தெய்வத்துக்கு அனுப்புவார்கள்.

அப்புறம் ஆட்டுக்குட்டியை ஒருவரும் தொடவில்லையே. ஸ்டேகர் குழுவின் கணக்கில், கி.மு. 7ஆம் நூற்றாண்டு அடுக்கில் ஏறத்தாழ 30 விழுக்காடு தாழிகளில் விலங்கு எலும்பு மட்டுமே இருந்தது. அதே மாதிரித் தாழி, அதே நிலம். சிசுக்களின் இடுகாடு என்றால் ஆட்டுக்குட்டிக்கு அங்கே என்ன வேலை? குழந்தைக்குப் பதில் குட்டி என்று வைத்தால் மட்டுமே எனக்குக் கணக்கு உதைக்காமல் வருகிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டு வந்ததும் விலங்கு மட்டும் உள்ள தாழி 10 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. நாகரிகம் வளர வளர ஆளுக்குப் பதில் ஆடு வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இங்கே நேர்மாறு. கார்த்தேஜ் செல்வத்தின் உச்சியில் இருந்த காலத்தில் குழந்தைகள் கூடுகிறார்கள்.

எண்ணிக்கையையும் பாருங்கள். கி.மு. 400க்கும் 200க்கும் இடையில் சுமார் 20,000 தாழிகள் இருக்கலாம் என்பது ஸ்டேகரின் மதிப்பீடு. ஆண்டுக்கு நூறு. ஒரு லட்சம் பேர் வாழும் ஊர் என்று சும்மா வைத்தாலே, பழங்காலத்தில் ஆண்டுக்கு மூவாயிரம், நாலாயிரம் குழந்தை பிறக்கும்; அதில் நானூறு, ஐந்நூறாவது வருடத்துக்குள் போகும், கூடவும் போகலாம். எல்லாச் சிசுவுக்குமான இடுகாடு என்றால் நூறு ரொம்பக் குறைவு. ஊருக்கு நூறு நேர்த்தி என்றால் பொருந்துகிறது. தியோடோரஸ் சொல்லும் ஒரே நாளில் ஐந்நூறு என்பதை நான் நம்பவில்லை. ஆனால் அவர் சொன்ன வழக்கமே பொய் என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை.

---

கயல் · ஞாயிறு, முற்பகல் 11:18

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. நாலு வாரம், ஆறு வாரம் என்று நீங்கள் எழுதும்போது அது எண் அல்ல எனக்கு. ஆறு வாரத்தில் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும்.

தாய் பக்கத்திலேயே நிற்க வேண்டும், ஒரு சொட்டுக் கண்ணீர் விடக் கூடாது, விட்டால் குழந்தைக்குத் தரும் விலைப்பணம் போய்விடும், அழுகைச் சத்தம் கேட்காமலிருக்கக் குழலும் பறையும் முழக்குவார்கள் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறாராமே. இவர்களுக்குப் பாசமே இல்லையா?

---

ஓலைச்சுவடி · ஞாயிறு, பிற்பகல் 12:40

கயல், புளூட்டார்க் எழுதியது கார்த்தேஜ் அழிந்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கழித்து. அவர் நேரில் பார்த்ததில்லை. தாழிகளில் என்ன இருந்தது என்பது நமக்குத் தெரியும்: எலும்போடு சிறு மணிகளும் தாயத்துகளும் வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் பிள்ளையின் கழுத்தில் கட்டும் அதே தாயத்துகள். வைத்த கை யாருடையது என்று எலும்பு சொல்லாது. ஆனால் குப்பையைப் போல யாரும் கொட்டவில்லை.

கிரேக்கத்திலும் ரோமிலும் வேண்டாத சிசுவை ஊருக்கு வெளியே போட்டுவிட்டு வருவது வழக்கம். அதற்குக் கல் நட்டதில்லை, பெயர் எழுதியதில்லை. 2013இல் பாவ்லோ செல்லா, ஜோசஃபின் குவின் முதலிய நால்வர் ஆன்டிக்விட்டியில் எழுதியபோது பலிதான் என்று அடித்துச் சொன்னார்கள். அவர்களும் எலும்பை மட்டும் பார்க்கவில்லை. கல்வெட்டு, இடம், இலக்கியம் மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள். நானும் அந்தப் பக்கம்தான். அதற்காக இவர்களை அரக்கர்கள் என்று யாராவது இங்கே எழுதினால் சண்டைக்கு வருவேன்.

---

ஊசிப்பாறை · ஞாயிறு, மாலை 5:26

இரண்டு நாளாக யோசித்தேன். ஆட்டுக்குட்டியும் "குரலைக் கேட்டார்" வாசகமும் சேர்ந்து என்னை நகர்த்திவிட்டன. எல்லாமே இடுகாடு என்ற நிலையை விட்டுவிடுகிறேன். எல்லாமே பலி என்பதற்கும் வரவில்லை. இறந்து பிறந்த சில குழந்தைகளை நேர்த்திக்காக அங்கே கொண்டுவந்திருக்கவும் கூடும் என்ற இடத்தில் நிற்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. கல்லில் அப்பா பெயர், பாட்டன் பெயர் எல்லாம் இருக்கிறது. குழந்தையின் பெயர்?

---

ஓலைச்சுவடி · ஞாயிறு, இரவு 9:50

கார்த்தேஜில் நேர்ந்தவர் பெயர்தான். அவருடைய முன்னோர் பெயர்தான். குழந்தையின் பெயர் கிடையாது.

ஆனால் அல்ஜீரியாவில் நகாவூஸ் என்ற ஊர்ப்பக்கம் சில கற்கள் கிடைத்தன. காலம் கி.பி. 200ஐ ஒட்டி. கார்த்தேஜ் அழிந்து முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, பேச்சு லத்தீன், பால் ஹம்மோனுக்குச் சாட்டர்ன் என்று பெயர் மாறிவிட்டது. சடங்கின் பெயர் மட்டும் பழைய பியூனிக்கில் அப்படியே நிற்கிறது: மொல்கொமோர். லத்தீன் வாசகத்தின் நடுவே நிற்கும் லத்தீன் அல்லாத சொல் அது, ஆட்டுக்குட்டிப் பலி என்று பொருள் கொள்கிறார்கள். ஒரு கல்லின் வாசகத்தை என்னால் முடிந்த அளவு தமிழில் தருகிறேன்:

"நலமும் மங்கலமும் உண்டாகட்டும். புனிதத் தலைவர் சாட்டர்னுக்கு, இரவில் செய்யும் பெரும்பலி. ஆவிக்கு ஆவி, குருதிக்குக் குருதி, உயிருக்கு உயிர். கொன்செஸ்ஸா நலமாயிருக்க, கனவில் கண்டபடியும் நேர்ந்தபடியும் மொல்கொமோர் பலியை ஃபெலிக்ஸும் தியோடோராவும் மனமுவந்து செலுத்தினர். பதிலாக ஓர் ஆட்டுக்குட்டி."

ஃபெலிக்ஸ் அப்பா, தியோடோரா அம்மா என்றுதான் பொதுவாகப் படிக்கிறார்கள். கொன்செஸ்ஸா அவர்கள் மகள்.